இமோவின் கடையில் ஒரு வெள்ளிக்கிழமை

1

போன கிழமை இலங்கையில், மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் இருந்து என் அக்கா தொலைபேசி எடுத்தாள். எடுத்தவள் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"ஏனடி ஜெசிந்தா, உங்க கடையளில பாம்பும் பல்லியும்தான் சாப்பாடாமே? பிள்ளைக்கும் உதைத்தான் குடுக்கிறியோ?"

"ஓம் அக்கா. நேற்று மலைப்பாம்புப் பிரட்டல். மிச்சம் கிடக்கு, பார்சல் பண்ணி அனுப்பட்டோ?"

அக்கா "என்ரை மாதாவே" என்று மட்டும் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் யோசித்தேன், அவளில் பிழையில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம். ஐந்து வருடமாய் நான் ஊருக்கு அனுப்பியதெல்லாம் பனி கொட்டுகிற படமும் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கும்தான். இங்கே சனங்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் எனக்கு வாய் நிற்காது, அதுதான் காரணம்.

இங்கே என்னை மலைக்க வைத்தது உயர்ந்த கட்டடமும் இல்லை, காற்றாய்ப் பறக்கிற ரயிலும் இல்லை. ஆறு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடைகள். அப்படியான ஒரு கடையில் ஒரு வெள்ளிக்கிழமை, மகளின் முகமா, மடு மாதாவுக்குக் கொடுத்த வாக்கா என்று நான் முழி பிதுங்கி இருந்த கதையும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கோ, வருகிறேன்.

2

என் மனுசன் அன்ரன் பதினொரு வருடத்துக்கு முன் தனியாக இங்கே வந்தவர். தென்கொரியாவின் தெற்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினம். கடற்பாசியைக் காயவைத்துத் தாள் மாதிரி அடுக்குகிற தொழிற்சாலையில் வேலை. மொழிச் சோதனை, தொழில் சோதனை, புள்ளிக் கணக்கு என்று ஒவ்வொன்றாய்த் தாண்டி, குடும்பத்தைக் கூப்பிடுகிற விசா கிடைக்க ஆறு வருடம் எடுத்தது. நானும் மகள் ஷெரினும் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது பதின்மூன்று.

வந்த முதல் மாதம் குடிவரவுக் கந்தோரில் என் பெயர் அவர்களுடைய பெட்டிக்குள் அடங்கவில்லை. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முதலில் கிடந்தது. அதில் முன்பாதியை மட்டும் அச்சடித்து அடையாள அட்டை தந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டு அரசாங்கத்துக்கு நான் சவரிமுத்து. பல் வைத்தியரிடம் போனாலும் தாதி கதவைத் திறந்து "சவரிமுத்து" என்று கூப்பிட, நான் எழும்பிப் போவேன். என் அப்பா கேட்டால் பெருமைப்படுவார்.

அந்த அட்டை கிடைத்த ஞாயிறு அன்ரன் எங்களை ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். மனுசன் கையைக் கழுவப் போய்விட்டார். நானும் பிள்ளையும் மேசையில் இருக்கிறோம். ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெண் பெரிய தட்டம் நிறையச் சின்னச் சின்னப் பீங்கான்களோடு வந்து, கடகடவென்று மேசையில் அடுக்கிவிட்டுப் போய்விட்டாள். எண்ணினேன், பத்து. முளைவிட்ட பயறு, உறைப்பில் ஊறின முட்டைக்கோவா, பொடிமீன் பொரியல், கிழங்கு, கீரை, பெயர் தெரியாத ஏதோ வேர். ஷெரின் கையை நீட்டினாள். நான் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"தொடாதை! ஆருக்கோ கொண்டுவந்ததை மாறி வைச்சிட்டுப் போட்டாள்."

இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, திருநாள் பிரசங்கம் கேட்கிற மாதிரி நிமிர்ந்து இருந்தோம். அன்ரன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

"விசரி, இது சும்மா வாறது. நீ என்ன கேட்டாலும் கேக்காட்டியும் இது வரும். முடிஞ்சால் திரும்பவும் வைப்பினம்."

"திரும்பவுமோ?"

"எத்தினை தரமெண்டாலும்."

நான் நம்பவில்லை. பொடிமீன் பீங்கானை வழித்துத் துடைத்து வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் கடந்து போகிறபோது ஓரக்கண்ணால் பார்த்தாள், எடுத்துக்கொண்டு போனாள், நிறைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பில்லை. நானும் விடவில்லை. சோற்றில் ஒரு பருக்கை எறிந்தால் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவள் நான், வைத்ததை முடிக்காமல் எழும்ப எனக்குத் தெரியாது. நான் முடிக்க அவள் வைக்க, அவள் வைக்க நான் முடிக்க, கடைசியில் மனுசன்தான் "காணுமடியப்பா, அவை பொடிமீனுக்குக் கடலுக்குப் போகவேண்டி வரும்" என்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். என் ஆயுளில் ஒரு கடையில் தோற்று வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

3

அந்தக் கடைகளில் உள்ள சாமான்களைப் பற்றியே நான் ஒரு நாள் முழுக்கக் கதைப்பேன். மேசைக்குப் பக்கவாட்டில் ஒரு லாச்சி இருக்கும், இழுத்தால் கரண்டியும் குச்சியும். மேசை ஓரத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் குசினியில் மணி அடிக்கும், உடனே "வாறன்!" என்று ஒரு குரல். இறைச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். நான் முதல்முறை பார்த்தபோது தையல்கடைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சூப்பு, மேசைக்கு வந்த பிறகும் சட்டியில் கொதித்துக்கொண்டே இருக்கும். இடம் பிடிக்கக் கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எல்லாரும் எழும்பிப் போவார்கள். திரும்பி வர அது அப்படியே கிடக்கும். ஐந்து வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. இன்றைக்கும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் எடுக்கப் போகிறேன்.

ஆனால் இதெல்லாவற்றையும்விட என்னை அசத்தியது பெண்கள்.

ஊரில் நான் கடையில் இருந்து சாப்பிட்ட தடவைகளை ஒரு கை விரலுக்குள் எண்ணலாம். மன்னார் பட்டினத்தில் முஸ்லிம் காக்கா ஒருவரின் கடை இருந்தது. கொத்து ரொட்டி வாசம் பஸ் நிலையம்வரை வரும். ஆனால் பொம்பிளைகள் போனால் பின்பக்கம் திரை போட்ட ஒரு மூலை, அதற்குள் ஒரு மேசை, ஒரு மின்விசிறி. முன்பக்கத்தில் ஆண்கள் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்கும். நாங்கள் திரைக்குள் தலையைக் குனிந்து கெதியாகச் சாப்பிட்டுவிட்டுக் கெதியாக எழும்பி வருவோம். கடைக்காரர் நல்ல மனிசன், மரியாதைக்குத்தான் திரை போட்டிருந்தார். எங்களுக்கும் அதில் குறை தெரியவில்லை. அது அப்படித்தான் என்று இருந்தோம்.

இங்கே பின்னேரம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கோ. அறுபது வயது மனுசிகள் ஆறேழு பேர், தலைமயிரைச் சுருட்டிக்கொண்டு, நடுக்கடையில், கண்ணாடி யன்னலுக்குப் பக்கத்து மேசையில். ஒருத்தி இறைச்சியைப் புரட்டுகிறாள், ஒருத்தி மேசையில் அடித்துச் சிரிக்கிறாள், ஒருத்தி கோபத்தில் யாரையோ திட்டுகிறாள். அநேகமாய் மருமகளைத்தான். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் தரம் நான் சாப்பிடாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. சந்தோசமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கடைக்காரியை எல்லாரும் "இமோ" என்று கூப்பிடுவார்கள். தாயின் சகோதரி என்று அர்த்தம், எங்கள் கணக்கில் சின்னம்மா. முன்பின் தெரியாத ஒருத்தன் கதவைத் திறந்து "சின்னம்மா, சோறு தாங்கோ" என்கிறான். அவளும் "வா மகனே" என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு அடுப்பை மூட்டுகிறாள். எங்கள் தெருமுனையில் உள்ள இமோவுக்கு என் தலை தெரிந்தாலே போதும், பொடிமீன் இரண்டு பீங்கான் வந்துவிடும். முதல் நாள் எங்களுக்குப் பீங்கான் அடுக்கினவள் இவள்தான், அந்த யுத்தத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

4

இப்போது வாக்குக்கு வருகிறேன்.

ஷெரினுக்கு மூன்று வயது இருக்கும்போது, அன்ரன் இங்கே, நானும் பிள்ளையும் இலுப்பைக்கடவையில் அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். பின்னேரம் வளவுக்குள் விளையாடிக்கொண்டிருந்தவள் ஒரு கத்துக் கத்தினாள். ஓடிப் போனால் இடது கணுக்காலில் இரண்டு பொட்டு இரத்தம். புடையன் பாம்பு, மச்சாள் கண்ணாலே கண்டவள். மடுக் கோயிலில் இருந்து கொண்டுவந்த மண் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சிமிழில் இருக்கும், பாம்புக் கடிக்கு அதைத்தான் முதலில் தேடுவோம். மச்சாள் அதைப் பூசினாள், அவளுடைய மனுசன் வான் வண்டியை எடுத்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை பிள்ளை என் மடியில். கால் வீங்கிக்கொண்டே வருகிறது, கண் சொருகுகிறது.

அந்த வானுக்குள் நான் மாதாவிடம் கேட்டேன். "என்ரை பிள்ளையை எனக்குத் தா தாயே. என்ரை சீவன் உள்ளவரைக்கும் வெள்ளிக்கிழமையில இறைச்சி தொடமாட்டன்." மீனைச் சேர்க்கவில்லை. மன்னாராளிடம் மீனையும் விடச் சொல்ல மாதாவுக்கே மனம் வராது.

மூன்றாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து "பசிக்குது" என்றாள்.

டொக்டர்மாருக்கும் நன்றி, மாதாவுக்கும் நன்றி. இரண்டையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாக்கைப் பற்றி அன்ரனைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. நேர்த்தி வைத்ததை ஊரெல்லாம் சொல்லித் திரியக் கூடாது என்று எங்கள் வீட்டில் பழக்கம். ஷெரினிடமும் சொல்லவில்லை. தன்னால்தான் அம்மா வாயைக் கட்டுகிறாள் என்று ஒரு பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏன் வைக்க வேண்டும்? பத்து வருடத்தில் ஒரு வெள்ளியும் நான் பிசகவில்லை.

5

பிள்ளை கையை விட்டுப் போகிறாள் என்று புலம்பாத தாய் வெளிநாட்டில் இல்லை. நானும் புலம்புகிறேன். நான் தமிழில் கேட்டால் அவள் கொரிய மொழியில் பதில் சொல்வாள். ஞாயிறு பூசைக்கு எழுப்பினால் போர்வை இன்னும் மேலே போகும். கோடை வெயிலிலும் முழங்கால்வரை காலுறை போடுவாள். தழும்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பதில்லை.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் குத்தியது குழையல்தான். ஞாயிறு மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடிய, சட்டியில் ஒட்டிய மீன்குழம்பில் மிச்சச் சோறு, பொரித்த கருவாடு, கொஞ்சம் சம்பல் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து உருட்டுவேன். சுற்றியிருந்து எல்லாரும் கையை நீட்ட, ஆளுக்கொரு உருண்டை. வயிறு நிறைந்திருந்தாலும் அதற்கு ஒரு தனி இடம் இருக்கும். ஷெரினுக்குத்தான் எப்போதும் முதல் உருண்டை. வேறு யாருக்காவது கொடுத்தால் அன்றைக்குப் பூகம்பம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய சிநேகிதி மின்ஜி முதல்முறை வீட்டுக்கு வந்தாள். வருவதற்கு முன் ஷெரின் குசினிக்குள் வந்து, "அம்மா, இண்டைக்குக் கரண்டியால சாப்பிடுங்கோ" என்றாள். நான் மறந்து போய்க் கையை வைத்துவிட்டேன். மேசைக்குக் கீழால் ஒரு கரண்டி என் தொடையில் முட்டியது. எடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு குழையல் உருட்டினபோது அவள் கையை நீட்டவில்லை. "வேண்டாம், வயிறு நிறைஞ்சிட்டுது." நானும் வீம்புக்காரி. அதோடு உருட்டுவதை விட்டுவிட்டேன்.

6

இந்த வருடம் தொடக்கத்தில் ஒரு நாள் ஷெரின் வந்து நின்றாள்.

"அம்மா, மின்ஜியின்ரை அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிடுறா. எங்கட தெருமுனை இமோவின்ரை கடைக்கு. வெள்ளிக்கிழமை."

"வெள்ளியோ? வேறை நாள் ஏலாதோ?"

"அவா முதியோர் இல்லத்தில வேலை. வெள்ளி பின்னேரம் மட்டும்தான் லீவு."

அன்ரனுக்கு அன்றைக்குப் பின்னேர வேலை. நானும் பிள்ளையும் மட்டும்தான். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கடையில் பன்றியிறைச்சி மட்டும்தான் வாட்டுவார்கள். நான் யோசிப்பதைப் பார்த்து அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். இரண்டு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

"வாங்கோ அம்மா. இந்த ஒருக்கா. ஆனா அங்க நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா இருங்கோ. எல்லாம் நான் செய்யிறன்."

சும்மா இருங்கோ! எனக்குச் சுருக்கென்றது. அம்மா ஏதாவது செய்து மானத்தை வாங்கிவிடுவாள் என்று பயப்படுகிறாள் பிள்ளை. சரி, போகலாம் என்றேன். போகாவிட்டால் அவளுக்குச் சிநேகிதி முன் தலைகுனிவு. போய்ச் சாப்பிட்டால் மாதாவிடம் எனக்குத் தலைகுனிவு. போய், சாப்பிடாமல், ஒருவருக்கும் தெரியாமல் வந்துவிட வேண்டும். அதற்கு எனக்கு ஒரு வழி தெரியும் என்று நினைத்தேன். அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

7

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. கலியாண வீடு, திருநாள் விருந்து எதுவாக இருந்தாலும், ஒருசந்தி விரதம் இருக்கிறவள் கரண்டியைக் கையில் எடுத்துவிடுவாள். பரிமாறிக்கொண்டே திரிவாள். "நீ சாப்பிட்டியோ" என்று யாராவது கேட்டால் "இனித்தான்" என்பாள். பந்தி முடிய எல்லாரும் அவள் சாப்பிட்டுவிட்டாள் என்றே நினைப்பார்கள். என் அம்மா அப்படி எத்தனையோ விருந்துகளைத் தாண்டியவர்.

கடைக்குப் போனோம். மேசை நடுவில் நெருப்பு, கூரையில் இருந்து அதற்கு மேலே புகை இழுக்கிற குழாய் யானைத் துதிக்கை மாதிரித் தொங்கியது. மின்ஜியின் தாய் சின்ன உருவம், சிரித்தால் கண் மறைந்துவிடும். என்னை "ஷெரின் அம்மா" என்றுதான் கூப்பிட்டாள், ஊரில் கூப்பிடுகிற மாதிரியே. இமோ வந்து, சட்டையில் எண்ணெய் தெறிக்காமல் கட்ட எல்லாருக்கும் மேலங்கி தந்து, பொடிமீன் இரண்டு பீங்கானை என் முன்னால் வைத்துக் கண்ணைச் சிமிட்டினாள். இறைச்சி வந்தது.

ஷெரின் இடுக்கிக்குக் கையை நீட்டினாள். நான் முந்திவிட்டேன்.

"அம்மா, விடுங்கோ, நான்..."

"சும்மா இரு. எனக்குத் தெரியும்."

ஒரு கையில் இடுக்கி, மறு கையில் கத்தரிக்கோல். புரட்டினேன், வெட்டினேன், மூன்று பேருக்கும் பங்கு வைத்தேன். மின்ஜியின் தாய் "நீங்கள் சாப்பிடுங்கோ, நீங்கள் சாப்பிடுங்கோ" என்று கெஞ்சினாள். "இனித்தான், இனித்தான்." இடையில் பொடிமீனைக் கடித்துக்கொண்டேன். ஷெரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வெளிறிப் போயிருந்தது. நான் நினைத்தேன், அம்மாவின் கெட்டித்தனத்தைப் பார்த்து மலைத்துப்போனாள் என்று.

எனக்கு ஒரு விசயம் தெரியாது. இந்த நாட்டில் இறைச்சி வாட்டுகிறவர் சாப்பிட நேரம் இல்லாமல் பாடுபடுகிறார் என்று எல்லாருடைய கண்ணும் அவர்மேல்தான் இருக்கும். பச்சைக் கீரை இலைக்குள் இறைச்சியை வைத்து, உள்ளிப்பூடு வைத்து, சுருட்டி, மற்றவர்கள் அவருடைய வாயில் ஊட்டிவிடுவார்கள். அது அன்பு. அதை மறுப்பது முகத்தில் அடிக்கிற மாதிரி.

மின்ஜியின் தாய் மேசைக்கு மேலால் எழும்பினாள். கையில் உருட்டிய இலை. மற்றக் கையை அதற்குக் கீழே ஏந்திக்கொண்டு, என் வாய்க்கு நேரே நீட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி "ஆ" என்றாள்.

என் வாய் பூட்டிக்கொண்டது. இரண்டு கையிலும் ஆயுதம், தட்டவும் முடியாது, வாங்கவும் முடியாது. கொழுப்பு மணக்கிறது. அவள் "ஆ" என்கிறாள். பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கிறது. பத்து வருடம், என்ரை மாதாவே, ஒரு வெள்ளி பிசகவில்லையே! வானுக்குள் சொருகின பிள்ளையின் கண் ஞாபகம் வருகிறது. அதே பிள்ளை பக்கத்தில் இருந்து என்னைப் பார்க்கிறாள்.

ஷெரின் படபடவென்று ஏதோ சொன்னாள். எனக்கு "வயிறு" என்ற சொல் மட்டும் விளங்கியது.

மின்ஜியின் தாய் பதறிப்போய் இலையைக் கீழே வைத்தாள். மேசைப் பொத்தானை அழுத்தினாள். இமோ ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பயத்தில் அது ஐஸ் மாதிரிக் கிடந்தது. "அச்சச்சோ" என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தவளின் கையில் நூல், ஊசி. என் தோளில் இருந்து கைவரை இறுக்கி இறுக்கி உருவத் தொடங்கினாள். பெருவிரலில் நூலைச் சுற்றினாள். மின்ஜியின் தாய் என் முதுகில் தட்டினாள்.

"ஷெரின்! என்னடி சொன்னனி? ஏன் இவா ஊசி கொண்டு வாறா?"

"வயிறு சரியில்லை எண்டு சொன்னன் அம்மா. இங்க அப்பிடியெண்டால் பெருவிரலில குத்தி ரத்தம் எடுப்பினம்."

"கோதாரி! சொல்லு, எனக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லு!"

இமோ ஊசியை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். ஷெரின் எழும்பி நின்றாள். இமோவின் கையைப் பிடித்தாள். பிறகு பேசத் தொடங்கினாள், நிறுத்தாமல், மூச்சு வாங்க. நான் பிடித்த சொற்கள் சில. அம்மா. வெள்ளிக்கிழமை. மடு. அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்டு எத்தனை காலம்! பிறகு இன்னொரு சொல், தொழிற்சாலைப் பக்கத்து மலைப் பாதையில் படத்தோடு எழுதி ஒட்டியிருப்பதால் எனக்குத் தெரிந்த சொல். பாம்பு.

அவள் குனிந்தாள். காலைக் கதிரையில் தூக்கி வைத்தாள். முழங்கால்வரை இருந்த காலுறையைக் கீழே உருட்டினாள். பெரிய வெளிச்சத்தில், கடையில் இருந்த எல்லாரும் பார்க்க, கணுக்காலில் சுருங்கிக் கறுத்த அந்தத் தழும்பைக் காட்டினாள்.

எனக்கு இடுக்கி கையில் இருந்து விழுந்துவிட்டது.

"உனக்கு... உனக்கு ஆர் சொன்னது?"

"அப்பா. போன வருசம்."

அந்த மனுசனிடம் ஒரு ரகசியம் தங்காது.

"பிறகேன் நீ எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லைத்தானே. நானும் சொல்லக் கூடாது எண்டு நினைச்சன். அதுதான் சும்மா இருங்கோ எண்டு சொன்னனான். வாட்டுற ஆளுக்குத்தான் இங்க ஊட்டிவிடுவினம். நான் வாட்டியிருந்தால் எனக்குத்தானே ஊட்டியிருப்பினம். நீங்கள் கேட்டால்தானே!"

பதின்மூன்று வயது. நான் வைத்த வாக்கை எனக்குத் தெரியாமல் எனக்காகக் காத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். நானோ அவள் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று இரண்டு வருடமாய் மனதுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தழும்பு தெரிந்த அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். கடை முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

8

இமோ ஊசியை மேலங்கியில் குத்திவிட்டு, பெருவிரல் நூலை அவிழ்த்தாள். ஏதோ மெதுவாகச் சொன்னாள். ஷெரின் மொழிபெயர்த்தாள். இமோவின் தாயும் ஒரு பிள்ளைக்காக நூறு நாள் விடிய முந்திக் குளிர்ந்த தண்ணீரை வைத்துக் கும்பிட்டவளாம். அந்தப் பிள்ளை தான்தானாம். மின்ஜியின் தாய் நெருப்பை அணைத்துவிட்டாள். நான் "ஐயோ, நீங்கள் சாப்பிடுங்கோ" என்று தமிழிலேயே கத்தினேன். அவளுக்கு விளங்கியது, ஆனாலும் தலையை ஆட்டினாள்.

இமோ குசினிக்குள் போய், தன் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாட்டின மீனைக் கொண்டு வந்தாள். கூடவே ஒரு அகலமான கோப்பையில் ஆவி பறக்கிற சோறு, மேலே நொறுக்கிய கடற்பாசி. அன்ரனின் தொழிற்சாலையில் காய்ந்ததாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒரு சோடி பிளாஸ்டிக் கையுறை.

"இதென்ன, கையுறை?"

"அம்மா, இதைக் கையால குழைச்சு உருட்டவேணும்." ஷெரின் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இங்க எல்லாக் கடையிலயும் குடுப்பினம். நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

கையால் குழைத்து உருட்டுவதா! ஒரு சாப்பாட்டுக் கடையில், மேசைக்குக் கொண்டுவந்து வைத்து, உருட்டு என்கிறார்கள். ஐந்து வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரியாது. என்னைவிட இந்த வேலையை யார் வடிவாகச் செய்யப் போகிறார்கள்? எழும்பிப் போய் இரண்டு தரம் கையைக் கழுவி வந்தேன். கையுறையை எடுத்தேன். போடப் பார்த்தேன், விரல் நுழையவில்லை. நான் கொஞ்சம் தடித்த ஆள்.

"விடுங்கோ அம்மா," என்றாள் ஷெரின். "கையாலயே செய்யுங்கோ."

மீனை முள் எடுத்துப் பிய்த்துப் போட்டேன். பொடிமீன் இரண்டு பீங்கானையும் கவிழ்த்தேன். உறைப்புக் கோவாவின் சாறு கொஞ்சம் விட்டேன். பிசைந்தேன். மின்ஜியின் தாய் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். மின்ஜி தொலைபேசியில் படம் பிடித்தாள். இமோ அடுப்பில் ஏதோ கிடப்பதையும் மறந்து நின்றாள். முதல் உருண்டை கையில் வந்தது. விருந்து வைத்தது மின்ஜியின் தாய், அவளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், அதுதான் மரியாதை. கையை அந்தப் பக்கம் நீட்டினேன்.

என் முழங்கையில் ஒரு பிடி விழுந்தது. திரும்பினேன். ஷெரின் தன் சிநேகிதிக்கும் தாய்க்கும் முன்னால், வெறும் கையை விரித்து என் கைக்குக் கீழே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எனக்குத்தானே முதல்?"